அடிக்கடி வேலை மாறியவர்கள் இங்கே வாருங்கள், அதில் உங்களுக்கு என்ன கிடைத்தது?

வேளச்சேரி வெள்ளம்:

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில், அச்சும் கருவியும் செய்யும் ஒரு டூல்ரூமில் ஆரம்பித்தேன். அப்புறம் ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் இடத்தில் குவாலிட்டி. ஷிப்ட் ஒத்துவராமல் அதை விட்டு, மச்சானோடு கோயம்பேட்டில் தக்காளி கமிஷன் மண்டியில் கணக்குப் பார்த்தேன். இப்போது கிடங்குகளுக்குச் சரக்கு இருப்பு பார்க்கும் மென்பொருளில் சப்போர்ட் வேலை. எங்கே நேர்காணலுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "ஏன் சார் எதுலயும் நிலையா இல்ல?"

சரி, நிலையாக இல்லைதான். ஆனால் இதில் எதையோ தொலைத்துவிட்டேன் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. டூல்ரூமில் சேர்ந்த புதிதில் ஃபோர்மேன் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவச் சொன்னார். ராவி எடுத்துப் போனால், மட்டமும் மூலையும் பார்க்கிற ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் துண்டு திரும்ப என் கைக்கு வரும், ஒரு வார்த்தை பேசமாட்டார். பார்க்கச் சமமாக இருப்பதை நம்பக்கூடாது என்பது அப்படித்தான் கையில் ஏறியது. மண்டியிலும் அதுதான் உதவியது. மேலடுக்கில் செக்கச்செவேல் என்று பழம் அடுக்கியிருப்பார்கள், நான் கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன்.

2020 மே மாதம் கோயம்பேட்டை மூடி மார்க்கெட்டைத் திருமழிசைக்குக் கொண்டுபோனார்களே, மழை பெய்தால் அங்கே ஒரே சேறு. எந்த லோடு எங்கே இறங்குகிறது, எந்தப் பெட்டி யாருடையது என்று ஒன்றும் புரியாது. ஃபாக்டரி பழக்கத்தில் நான் கடைக்கு ஒரு நிறமாக அட்டை கட்டிவிட ஆரம்பித்தேன். மச்சான் சிரித்தார், ஆனால் பெட்டி மாறிப் போவது குறைந்தது. இன்றைக்குக் கிடங்குக்காரர்களிடம் நான் கேட்கிற கேள்வி பாதிக்கு மேல் அந்தச் சேற்றில் நின்றபோது வந்ததுதான்.

ரெஸ்யூமேவை எப்படி அழகுபடுத்துவது என்று நான் கேட்கவில்லை. வேலை மாறியதில் உங்களுக்கு நிஜமாக என்ன வந்தது, என்ன போனது? சம்பளம் ஏறிய கதையை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன.

பெரம்பூர் ரிட்டையர்டு:

தம்பி, நான் எதிர்க்கட்சி. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் சேர்ந்து ஐ.சி.எஃப்.பிலேயே ஓய்வு பெற்றவன். 1996இல் பின்னி மில்லை மூடியபோது என்னோடு படித்தவர்களில் மில்லுக்குப் போனவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன். அதனால் "மாற்றமே சுகம்" என்று யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

ஆனால் ஒரே இடத்தில் இருந்தவன் ஒரே வேலையைத்தான் செய்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஷெல் பக்கம், அதாவது பெட்டியின் கூடு செய்யும் பக்கம் வெல்டர். பழைய டிசைன் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு தையல் போடுவேன். ஜெர்மன் டிசைனான எல்.எச்.பி. பெட்டி வந்தது, உடம்பு பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சூடு பட்டால் அதில் சில வகை பழைய இரும்பைவிட அதிகமாக விரியும், சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, ஒரே இடத்தில் தேக்கி வைத்துக்கொள்ளும். மெல்லிய தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பழைய இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷையோ கிரைண்டிங் வீலையோ மறந்துபோய் இதில் வைத்தால் பின்னால் துருப்புள்ளி வரும், அதனால் சாமான் எல்லாம் தனி. அத்தனை வருஷ அனுபவத்தோடு நானும், நேற்று வந்த அப்ரெண்டிஸ் பையனும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஸ்கிராப் தகட்டில் பழகினோம். அவன் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

2018 ஜனவரியில் பழைய டிசைனின் கடைசிப் பெட்டி வெளியே போனது. அதே வருடக் கடைசியில் டிரெயின் 18 வந்தது, நீங்கள் வந்தே பாரத் என்கிறீர்களே, அது. நான் ஃபாக்டரி கேட்டைத் தாண்டவே இல்லை. புது அனுபவம் கேட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. வேலையை விட்டால்தான் புதுசு கிடைக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேர்வறை மேசை:

நான் நேர்காணலில் அந்த எதிர்ப்பக்க மேசையில் உட்காரும் ஆள்தான், திட்டுவதானால் திட்டுங்கள். எங்களுக்கு வேலை மாறியது பிரச்சினை இல்லை. ஒன்பது மாதம், பதினோரு மாதம், மறுபடி எட்டு மாதம் என்று இருந்தால்தான் யோசிப்போம். அந்த ஆள் எந்த இடத்திலும் தான் செய்ததன் பலனை இருந்து பார்த்திருக்க மாட்டார். ஒரு முடிவு எடுப்பார், அது தப்பாகிப் பல்லிளிக்கும் முன் கிளம்பியிருப்பார். வெவ்வேறு கட்டடத்தில் ஒரே முதல் வருடத்தைத் திரும்பத் திரும்ப வாழ்ந்தவர் என்று நான் அவரைச் சொல்வேன்.

வெள்ளம் சார், நீங்கள் அட்டை கட்டிய கதையை நேர்காணலில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். "குவாலிட்டி இன்ஸ்பெக்டர்", கீழே "ஃபேமிலி பிசினஸ்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அதை வைத்து எதிரே இருப்பவருக்கு என்ன தெரியும்?

கணக்குப்பிள்ளை:

அனுபவம், கண் திறந்தது எல்லாம் நல்லதுதான். நான் சில்லறைக் கணக்குப் பேசுகிறேன், ஏனென்றால் மாறுகிறவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை.

கிராச்சுட்டி, அதாவது வேலையை விடும்போது முதலாளி தரும் பணிக்கொடை. 1972ஆம் வருடச் சட்டம் போட்டுவைத்த கணக்கு இது: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். 40,000 ரூபாய் வாங்குபவர் ஒரே இடத்தில் 18 வருடம் இருந்தால் 4,15,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். அதே ஆள் நான்கு இடங்களில் நாலரை நாலரை வருடம் இருந்திருந்தால்? பூஜ்யம். ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் உரிமை. நான்கு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் எல்லா முதலாளிகளும் அதைப் பேசாமல் எடுத்து நீட்டிவிட மாட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், காலம் குறித்து ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராச்சுட்டி உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஐந்து வருடம் அப்படியே இருக்கிறது.

அடுத்தது பி.எஃப். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்து டூ வீலர் வாங்குகிறார்கள். எடுக்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் பழைய இடத்து வருடமும் சேர்ந்தே ஓடும். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி. பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், அது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் நடுவில் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் போயே போச்சு. 15,000 உச்சவரம்பில் பத்து வருடத்துக்கு வரும் பென்ஷன் மாதம் 2,142 ரூபாய்தான். அதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். 58 வயதில் கேட்டுப் பாருங்கள்.

மாறாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாலு வருடம் ஏழு மாதத்தில் ராஜினாமா எழுதுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மயிலாப்பூர் மாவுமில்:

எங்கள் அப்பா ஒரே வங்கியில் சேர்ந்து அதிலேயே ஓய்வு பெற்றார். டிரான்ஸ்ஃபரில் நான் படித்த பள்ளிக்கூடங்கள் கையில் எண்ணி முடியாது. இதை யார் கணக்கில் சேர்ப்பது?

ஓ.எம்.ஆர். இராத்திரி:

எல்லாரும் பெரியவர்கள், மரியாதையோடு சொல்கிறேன், இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. "மாற்றத்தை மதிக்க வேண்டும்" என்று பேசுவதற்கு முதலில் மாறலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை கையில் இருக்க வேண்டும். நான் மென்பொருள் டெஸ்டிங்கில் கான்ட்ராக்ட். பகலில் அது, வாரக் கடைசி இரவுகளில் சாப்பாடு டெலிவரி. ப்ராஜெக்ட் முடிந்தால் கான்ட்ராக்ட் முடியும், அடுத்தது வரும் வரை பைக்தான். என் ரெஸ்யூமேவிலும் வெரைட்டி கொட்டிக் கிடக்கிறது. நான் கேட்டு வந்ததில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தொழிற்சாலையில் லைனில் இருந்தவர். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும், அந்த யூனிஃபார்மில் அவர் ஏறுவதைப் பார்த்துத்தான் என் அக்கா படித்தாள். 2014இல் அதை மூடினார்கள். அப்புறம் தி.நகரில் ஜவுளிக்கடை, நாள் முழுக்க நின்றபடி வேலை. (2021இல் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் வசதி தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவந்தார்கள், அந்த லட்சணம்.) அதற்கப்புறம் பியூட்டிஷியன் கோர்ஸ், இப்போது ஒரு மழலையர் பள்ளியில் ஆயா. அவரிடம் போய் "எத்தனை விதமான அனுபவம்!" என்று சொல்லிப் பாருங்கள், செருப்பு வரும்.

வேளச்சேரி வெள்ளம்:

தம்பி, கோபம் நியாயம்தான். நான் ஒரகடத்தை விட்டபோது வீட்டில் மச்சான் ஒருவர் இருந்தார், மண்டி இருந்தது. அது இல்லாமல் விட்டிருக்க முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெலிவரியில் சுற்றுவதால் டெஸ்டிங்கில் எதுவுமே உதவவில்லையா? எங்கள் மென்பொருளில் முகவரிப் பகுதியை எழுதியவர்கள், சென்னையில் ஒரே தெருவில் பழைய கதவு எண், புது எண் என்று இரண்டு இருக்கும் என்பதே தெரியாமல் எழுதியிருந்தார்கள்.

ஓ.எம்.ஆர். இராத்திரி:

அது உண்மைதான். "பழைய 14, புதிய 27, பின்பக்கம் மாடி, நாய் இருக்கு" என்று ஒரு முகவரி வந்தால் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது? அதை நான் டெஸ்ட் கேஸாக எழுதிக் கொடுத்தேன், லீட் பாராட்டினார். பாராட்டு கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ராயபுரம் சிஸ்டர்:

நர்ஸாக இருந்து மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவள் நான். வார்டில் இராத்திரி டியூட்டி, முழங்கால் போனது, பிள்ளை சின்னவன், அதனால் பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அமெரிக்க நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் சரியான எண்ணைப் போட வேண்டும், அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ்காரர் பணம் கொடுப்பார். "தொட்டுப் பார்க்க நோயாளி இல்லாத நர்ஸ்" என்று எங்கள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

முதல் ஆறு மாதம் பிடிக்கவே இல்லை. மாற்றியது ஒரு சின்ன விஷயம். குறிப்பில் டாக்டர் கால் எலும்பு முறிவு என்று எழுதியிருந்தார், எந்தக் கால் என்று எழுதவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் "எந்தக் கால்னு தெரியல" என்று குறிக்கும் எண்ணைப் போட்டு நகர்ந்துவிட்டாள். எனக்கு நகர முடியவில்லை. வார்டில் இடது வலது மாறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவளுக்கு எப்படி முடியும்? முழுக் குறிப்பையும் தேடினேன், பிசியோதெரபிஸ்ட் கடைசிப் பக்கத்தில் "வலது காலில் பாரம் வைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அதைக் காட்டி டாக்டருக்குக் கேள்வி அனுப்பினோம், வலது என்று உறுதி செய்தார். அன்றைக்குத்தான் வார்டு என்னோடேயே வந்திருக்கிறது என்று தெரிந்தது.

பெரம்பூர் ஐயா அப்ரெண்டிஸோடு ஒரே மேசையில் உட்கார்ந்தேன் என்றாரே, எங்களுக்கும் அது நடந்தது. 2015 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்கா முழுக்க ஐ.சி.டி.-9 என்ற பழைய நோய் எண் பட்டியல் போய் ஐ.சி.டி.-10 வந்தது. சுமார் 14,000 எண்கள் இருந்த இடத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 70,000. எண்களை மனப்பாடமாகவே வைத்திருந்த சீனியர்கள் அத்தனை பேரும் எங்களோடு முதல் வகுப்பு. உடற்கூறு தெரிந்தவர்கள் தப்பித்தோம், எண் மட்டும் தெரிந்தவர்கள் திணறினார்கள். சிரிப்புக்கு ஒன்று: கிளி கடித்தால் அதற்குத் தனி எண் இருக்கிறது, டபிள்யூ61.01. இத்தனை வருடத்தில் ஒரு கிளிக்கடிகூட எனக்கு வந்ததில்லை. நம் ஊர்க் கிளி ஜோசியக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் வந்திருக்கும்.

போனது என்ன என்றும் கேட்டீர்கள். டிஸ்சார்ஜ் ஆகிற பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு "நல்லா இரும்மா" என்பார்களே, அது போயிற்று. எந்தச் சம்பளத்திலும் அதைச் சேர்க்க முடியாது.

வடநெம்மேலி வாசகன்:

எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. இருளர்கள் பாம்பு பிடிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள், ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பிடித்தார்கள். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, தோல் வியாபாரம் நின்றது, பிழைப்பும் நின்றது. 1978இல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து செய்கிறார்கள். ஒரே கைத்திறன், கொன்று விற்ற வேலை போய் உயிர் காக்கிற வேலை ஆனது. இருளரில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புக்காட்டுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஆகவே திறமையை விட்டுவிட்டுப் புதுசு தேடாதீர்கள், இருக்கிற திறமையைப் புது இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்பது என் கட்சி.

மயிலாப்பூர் மாவுமில்:

அதற்கு நேர் எதிராக ஒருவர். ஐராவதம் மகாதேவன். 1954 ஐ.ஏ.எஸ்., 1980இல் விருப்ப ஓய்வு, 1987இலிருந்து 1991 வரை தினமணி ஆசிரியர், இதற்கெல்லாம் நடுவிலும் பின்னாலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சிந்துவெளி எழுத்தும். கோப்பு பார்க்கும் கையால் குகை குகையாக ஏறிக் கல்வெட்டுப் படி எடுத்தவர். எங்கிருந்து எங்கே!

ஓ.எம்.ஆர். இராத்திரி:

ஐ.ஏ.எஸ். பென்ஷன் எங்கே, என் கான்ட்ராக்ட் எங்கே சார்.

மயிலாப்பூர் மாவுமில்:

அதுவும் சரிதான். ஆனால் பென்ஷன் வாங்கும் எல்லாரும் கல்வெட்டுப் படிக்கப் போகவில்லையே தம்பி. எங்கள் அப்பா டி.வி. பார்க்கிறார்.

மாம்பலம் மாமி:

எல்லாரும் முப்பதிலும் நாற்பதிலும் மாறியதைச் சொல்கிறீர்கள். நான் கல்யாணத்துக்கு முன் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர். ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஸ்டெனோ. குழந்தைகள் பிறந்ததும் நின்றாச்சு. பெரியவன் காலேஜ் போன பிறகு திருவல்லிக்கேணியில், கம்ப்யூட்டரில் அச்சு வேலை செய்யும் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனேன். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பத்திரிகையில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப் போனால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள், அதனால் பிழை பார்ப்பதில் பேய் ஆகிவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே சீரியல்களுக்குத் தமிழ் சப்டைட்டில் திருத்துகிறேன். பிள்ளை தமிழ்99 என்ற புது விசைப்பலகையைக் கற்றுக்கொள் என்றான். நான் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையிலேயே அடிக்கிறேன், அவன் வேகத்துக்கு நான் இரண்டு மடங்கு, பந்தயம் கட்டிப் பார்த்தாச்சு.

புது வேலையில் எனக்குப் பிடித்தது எது தெரியுமோ? அங்கே நான் யாருடைய அம்மாவும் இல்லை, யாருடைய மாட்டுப்பெண்ணும் இல்லை. "மேடம், இந்த வரி நீளமா இருக்கு, படிக்கறதுக்குள்ள போயிடும்" என்று இருபத்திரண்டு வயதுப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அப்படி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்து எத்தனை காலம் ஆயிற்று!

பெரம்பூர் ரிட்டையர்டு:

மாமி சொன்னதற்கு ஒரு கும்பிடு. அந்த அப்ரெண்டிஸ் பையனிடம் கற்றுக்கொண்டபோது எனக்கு முதல் நாள் அவமானமாகத்தான் இருந்தது, இரண்டாவது வாரம் காலையில் சீக்கிரமே கிளம்பிப் போக ஆரம்பித்தேன். வீட்டில் என்னய்யா விசேஷம் என்று கேட்டார்கள்.

தேர்வறை மேசை:

ஓ.எம்.ஆர். தம்பி, அந்த முகவரி டெஸ்ட் கேஸ் விஷயத்தை அப்படியே எழுதி வையுங்கள், கம்பெனி பெயர் வேண்டாம், என்ன உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பிறகு என்ன மாறியது என்று நான்கு வரி. டெலிவரி வேலையை மறைக்காதீர்கள். மறைத்தால் இடைவெளி என்று தெரியும், சொன்னால் காரணம் என்று தெரியும். எல்லா இடத்திலும் எடுபடாது, கிடங்கு, லாஜிஸ்டிக்ஸ் மென்பொருள் செய்கிற இடங்களில் எடுபடும்.

ஓ.எம்.ஆர். இராத்திரி:

எழுதிப் பார்க்கிறேன் மேடம். ராயபுரம் அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. என் அக்கா பி.எஸ்சி. விலங்கியல், நாலு வருடமாக வீட்டில் இருக்கிறாள். கோடிங்குக்கு வர முடியுமா? ஓர் இன்ஸ்டிட்யூட்டில் முன்பணம் கட்டினால் வேலை உத்தரவாதம் என்கிறார்கள்.

ராயபுரம் சிஸ்டர்:

தாராளமாக வரலாம், விலங்கியல் படித்தவர்கள் எங்கள் ஃப்ளோரில் நிறையப் பேர். உத்தரவாதம் என்று சொல்லிப் பணம் கேட்கும் இடத்துக்கு மட்டும் போகவேண்டாம். ஃப்ரெஷர் எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கும் கம்பெனிகள் உண்டு, முதலில் அங்கே முயற்சி செய்யட்டும். அதுவரை உடற்கூறையும் மருத்துவச் சொற்களையும் புரட்டிவைக்கச் சொல்லுங்கள். கோடிங்குக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வை வேலையில் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம், கம்பெனியே கட்டணம் கட்டுகிற இடமும் இருக்கிறது. நாலு வருட இடைவெளியைக் கேட்பார்கள், வீட்டில் இருந்தேன் என்று நேராகச் சொல்லட்டும். என்னிடம் பழைய நோட்டு இருக்கிறது, தனிச்செய்தியில் வாருங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.